கால்சா முற்றத்து அம்மாள்

மரத்தடியில் கற்பூரம் எரிவதைக் கண்டதும் விமலராஜ் காலைக் கோப்பியை வைத்துவிட்டு ஓடிவந்தான். முதல்நாள் மாலை அந்த ஃபிக்கஸ் மரத்தைச் சுற்றி மஞ்சள் துணிநாடா கட்டிவிட்டுப் போனவன் அவன்தான். வெட்ட வேண்டிய மரத்துக்கு அது அடையாளம். இப்போது நாடாவுக்கு மேலே சந்தனம், குங்குமம், ஒரு மல்லிகைச் சரம்.

ஆறு வருடம் இன்னொருவரிடம் மரமேறி, பரீட்சை எழுதி, மரங்களைப் பரிசோதித்து அறிக்கை கொடுக்கும் நிபுணன் என்று சொந்தப் பெயரில் அட்டை அடித்த பின் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை இது. இத்தாலிய நகரொன்றின் கால்சாப் பகுதியில் இருந்த அந்தப் பழைய அடுக்குமாடிக் கட்டடத்து நிர்வாகிக்கு முற்றத்தில் கார் விட இடம் வேண்டும். அதற்கு, மரம் ஆபத்தானது என்று ஒரு கையெழுத்து வேண்டும். பட்டுப்போனது ஒரே ஒரு கொப்புத்தான் என்பது விமலராஜுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முதல் வேலையிலேயே முரண்டு பிடித்தால் அடுத்த வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்?

"ஆரக்கா இந்த வேலை பாத்தது?" படி கூட்டிக்கொண்டிருந்த நாகபூசணியைக் கேட்டான்.

"ஆருக்குத் தெரியும் தம்பி? மஞ்சள் துணியைக் கண்டா ஆரோ நேர்த்தி வைச்சிருக்கினம் எண்டுதானே சனம் நினைக்கும். ஆலமரம் மாதிரி விழுதும் விட்டிருக்கு."

"இது வெட்டுற மரம் அக்கா!"

"சிவ சிவா! வாயைக் கழுவு."

விமலராஜ் நாடாவை அவிழ்த்தான். பதிலுக்குச் சிவப்புப் பெயின்ற்றால் பெரிய வட்டம் ஒன்று அடித்தான். மறுநாள் வட்டத்துக்குக் கீழே மூன்று தேசிக்காயும் ஒரு தட்டுப் பொங்கலும் இருந்தன.

"பாத்தியே, அம்மாள் தானே பொட்டு வைச்சிட்டா," என்றாள் நாகபூசணி.

"அது நான் அடிச்ச பெயின்ற்!"

"உன்ரை கையாலை வைப்பிச்சிருக்கிறா. குடுத்து வைச்சவன் நீ."

கடுப்பில் வேலி போட்டு, 'ஆபத்து! கிட்ட வரவேண்டாம்' என்று தமிழில் பலகையும் மாட்டினான். கெட்டது அதோடுதான். உக்கிரமான அம்மாளாம் என்று நகரின் மறுகோடியில் இருக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோ வரைக்கும் தமிழ்ச் சனத்திடம் செய்தி போனது. ஞாயிற்றுக்கிழமை கட்டட வாசலில் சப்பாத்துகள் குவிந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று, வேதக்காரியான மன்னார் ஸ்ரெல்லாகூட மெழுகுதிரி கொளுத்தினாள். நாலாம் மாடி இத்தாலியச் சின்யோரா தன் முழங்கால் வலியைச் சொல்லி அழுதார்.

திங்கள் காலை விமலராஜ் மரம் அறுக்கும் மெஷினோடு வந்து நின்றபோது மனைவி நிரோசினி போனில் கூப்பிட்டாள்.

"நேற்று நானும் வந்து கும்பிட்டனான். அதிலை கை வைச்சிட்டு வீட்டுப் பக்கம் வராதேங்கோ!"

நிர்வாகி இறங்கி வந்தார். "ஏன் சும்மா நிற்கிறாய்? உன் சப்பாத்து எங்கே?"

விமலராஜ் குனிந்து பார்த்தான். வெறுங்கால். எப்போது கழற்றினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அந்த இடத்திலேயே அவன் மனம் மாறிவிட்டது. "பட்ட கொப்பை எடுத்தால் போதும். மரம் நல்ல சுகமாக இருக்கிறது. வெட்டுவதற்குக் கையெழுத்து வைக்க மாட்டேன்," என்றான் இத்தாலிய மொழியில்.

நிர்வாகி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். மேலே பல்கனிகளில் ஒரே கைதட்டல். நேர்மையான ஆள் என்று சொல்லி மூன்று வீட்டுக்காரர் அவனுடைய அட்டையைக் கேட்டு வாங்கினார்கள். விமலராஜுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

"அம்மாள்தான் என்னைக் காப்பாத்தினது அக்கா. இல்லாட்டிப் பொய்க் கையெழுத்து வைச்சிருப்பன்."

"அம்மாளோ?" நாகபூசணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பதினெட்டு வருசமா அந்த நிழலிலை இருந்துதான் நான் மத்தியானச் சோறு தின்னுறன். முதல் குங்குமம் வைச்சதும் நான்தான், நிர்வாகியிட்டை உன்ரை நம்பரைக் குடுத்ததும் நான்தான். வெட்ட ஒரு இத்தாலிக்காரன் வந்திருந்தா அவன் குங்குமத்துக்குப் பயப்பிடுவானே?"