குதிரைக்குக் கோணல் பார்த்த கதை

ஆறு நாள் பயிற்சியில் ஒரு மனிதனுக்கு வேறு எது வருகிறதோ இல்லையோ, தலைக்கனம் வந்துவிடும். எனக்கு ஐந்தே நாளில் வந்துவிட்டது.

மூணாறு பக்கம் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் ஒரு குதிரைப் பண்ணையில் குதிரை ஆஸ்டியோபதி படித்தேன். ஊசி, மருந்து கிடையாது. எலும்பையும் தசையையும் கையாலேயே தடவி, அமுக்கிச் சரிசெய்ய வேண்டும். ஐந்து நாள் குதிரைக்கு, ஆறாம் நாள் அதன்மேல் உட்காருகிறவருக்கு. ஆறாம் நாள் வகுப்பில் நான் இல்லை. (சான்றிதழை ஐந்தாம் நாள் சாயங்காலமே கொடுத்தது அவர்கள் தப்பு.)

அந்தச் சூட்டோடு பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் பெண் பார்க்கப் போனேன். பெண் பெயர் சுதா. அவளுடைய அப்பா தென்னந்தோப்புக்காரர். திருவிழாக் குதிரையோட்டத்துக்கென்றே ஒரு குதிரை வளர்ப்பவர். என் படிப்பைக் கேட்டதும் ஜாதகத்தை மூடி வைத்துவிட்டார்.

"தம்பி, நம்ம குதிரை ஓடறப்ப வலப்பக்கமாவே இழுக்குதுங்க. போன வருசம் வேலிக்குள்ள போயி நின்னுச்சு. இன்னும் பத்து நாள்ல ஓட்டம். நேரா ஓட வெச்சுக் காட்டுங்க, கல்யாணத்தப் பத்தி அப்புறம் பேசிக்கலாமுங்க."

ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் சுதாவை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. குதிரையின் இடுப்பில் கை வைத்துக் கண்ணை மூடினேன். (பண்ணையில் வாத்தியார் அப்படித்தான் மூடுவார்.) "எலும்பு அரை விரக்கடை ஏறியிருக்குங்க," என்றேன்.

தினமும் என் ஊர் எலப்புள்ளியிலிருந்து பைக்கில் போய் அமுக்கினேன். குதிரை கண் சொருகிக் கொட்டாவி விட்டது. எலும்பு இறங்குவதற்கு அதுதான் அடையாளம் என்று வீட்டாருக்கு விளக்கவுரை வேறு. நான்காம் நாள் சுதா தொழுவத்துக்கு வந்தாள்.

"ஏனுங்க, எங்கண்ணனப் பாத்தீங்களா? அவன்தான குதிரைய ஓட்டறான். நாள் முச்சூடும் டிராக்டர்ல உக்காந்து, வலப்பக்கமாத் திரும்பித் திரும்பிக் கலப்பையப் பாத்து, சோத்துக்கு உக்காந்தாலும் கோணலாத்தான் உக்கார்றான்."

"அது மனுச வைத்தியமுங்க," என்று பரிதாபப்பட்டுச் சிரித்தேன். (பரிதாபம் அவள்மேல்!)

ஓட்டம் வந்தது. எங்கள் பக்கம் சேணம் போடும் வழக்கம் இல்லை. வெறும் முதுகில்தான் சவாரி. ஐம்பதடி ஓடிய குதிரை வலப்பக்கம் திரும்பி, நேரே பொரிக்கடைக்குள் நுழைந்தது. சற்று நேரத்தில் பொரிக் குவியலுக்குள்ளிருந்து சுதாவின் அண்ணன் எழுந்து வந்தார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் ஊரே என்னைத்தான் பார்த்தது.

எனக்கு மானம் போயிற்று. அதைவிட, சுதா போய்விடுவாளே என்று பயம். "இன்னுங் கொஞ்சம் கோணல் பாக்கி இருக்குங்க! ஆரு ஏறுனாலும் இப்படித்தான் இழுக்கும், பாருங்க!" என்று கத்திக்கொண்டு நானே ஏறிவிட்டேன். அதற்கு முன் நான் குதிரை ஏறியதே இல்லை.

குதிரை நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. எல்லைக் கோட்டைத் தாண்டியது, வாய்க்கால் பாலத்தைத் தாண்டியது. கழுத்தைக் கட்டிக்கொண்டு தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். சுதா வீட்டுத் தொழுவத்தில்தான் நின்றது. நான் சரிந்து இறங்கியதும், வழக்கம்போல இடுப்பை என் பக்கம் திருப்பி, கொட்டாவி விட்டது.

பின்னாலேயே ஜீப்பில் வந்திறங்கினார் சுதாவின் அப்பா. என்னைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நேராத்தான் ஓடுச்சுங்க. சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா புள்ளையக் கேட்டுக்கங்க."

"மொதல்ல எங்கண்ணன நேராக்கட்டும்," என்றாள் சுதா.

மறுவாரமே மூணாறு போய், கையைக் கட்டிக்கொண்டு ஆறாம் நாள் பாடத்தைப் படித்தேன். அண்ணனை நிமிர்த்த மூன்று மாதம் ஆனது. அப்புறம்தான் கல்யாணம்.

இன்றுவரை வீட்டில் நான் எதைக் குறை சொன்னாலும், "மேல உக்காந்திருக்கறவனப் பாத்தீங்களா?" என்று கோரஸாகக் கேட்பார்கள். போன வாரம் என் ஸ்கூட்டர் இடப்பக்கம் இழுக்கிறதென்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சுதா சாவியை வாங்கி வாசலில் ஒரு சுற்று ஓட்டினாள். நேராகத்தான் போனது.

விருந்துக்கு வந்திருந்த மச்சான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். "மாப்ளே, குப்புறப் படுங்க."