தேக்லா தனியாகத்தான் போகிறாள்

பழைய துணி போடும் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் மெராப் குந்தியிருந்தபோது ஒரு நாய் வந்து அவன் காதை நக்கியது.

கத்தினால் மகள் திரும்பிப் பார்த்துவிடுவாள். மெராப் பல்லைக் கடித்துக்கொண்டு மற்றக் காதையும் நாய்க்குக் கொடுத்தான். தெருக்கோடியில் தேக்லாவின் சிவப்புப் பை ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. ஆறு வயதுக் குழந்தையைவிடப் பெரிய பை. இங்கிருந்து பார்த்தால் பைக்குக் கால் முளைத்து நடப்பது போலிருந்தது.

"என்ன தேடுறீங்க?"

நாய்க்கு மேலே ஒரு பெண்மணி நின்றிருந்தாள். பெர்ட்ராம் அம்மாள். தேக்லாவின் வகுப்பில் எல்லாப் பெற்றோருக்கும் தலைவி.

மெராப் எழுந்தான். ஜார்ஜியாவிலிருந்து காசெல் நகருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. அதனால் அவனுக்குத் தெரிந்த ஜெர்மன் பெரும்பாலும் பல்லைப் பற்றியது. அவசரத்தில் கடைவாய்ப்பல் என்ற சொல்தான் முதலில் வாய்க்கு வந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னான்.

"துணி போட வந்தேன்."

"துணி எங்கே?"

மெராப் தன் இரண்டு வெறுங்கைகளையும் பார்த்தான். பிறகு போட்டிருந்த கோட்டைக் கழற்றினான். "இதோ."

"புதுசா இருக்கே!"

"பார்த்தா அப்படித்தான் தெரியும்."

"பெட்டிக்குப் பின்னாடி ஏன் உட்கார்ந்தீங்க?"

"வாய் எந்தப் பக்கம்னு தெரியல."

பெர்ட்ராம் அம்மாளுக்கு மனம் இளகிவிட்டது. வெளியூர்க்காரர், பாவம். கோட்டை அவளே வாங்கி, பொத்தான்களைப் போட்டு, மடித்து, தன்னிடமிருந்த பையில் திணித்துக் கொடுத்தாள். குளிர்காலத்துக்கென்று மனைவி போன மாதம் வாங்கிக்கொடுத்த கோட்டு, பஸ் பாஸோடு சேர்ந்து பெட்டிக்குள் தொம்மென்று விழுந்தது. அதற்குள் சிவப்புப் பை திருப்பத்தில் மறைந்துவிட்டது.

எல்லாம் வீஸ்னர் டீச்சரால் வந்தது. "திங்கட்கிழமையிலேர்ந்து பிள்ளைங்க தனியா வருவாங்க. நீங்க வீட்டு வாசல்லயே டாட்டா சொல்லிடுங்க" என்று அவர் சொன்னபோது, நாளைக்கு மழை வரும் என்று கேட்டதுபோல் மற்ற பெற்றோர் தலையை ஆட்டினார்கள். தனக்குத்தான் மொழி சரியாகப் புரியவில்லை என்று நினைத்து மெராப் வீட்டுக்கு வந்து மனைவி நாத்தியாவிடம் கேட்டான்.

"தனியான்னா? யார் கூட தனியா?"

"தனியான்னா தனியா."

மீசை அரும்பிய பிறகும் மெராபின் அம்மா அவனைப் பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோய் விட்டவள். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு அவளோடு சித்தியும் சேர்ந்து வந்தாள்.

"வழியில ட்ராம் போகுது, நாத்தியா."

"ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் அந்த ட்ராமைத் தாண்டித்தான் போகுது. நம்ம பிள்ளைக்கு மட்டும் கால் இல்லையா? நீ பின்னாடியே போய் என் மானத்தை வாங்காதே. போகமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

நாத்தியா மருத்துவமனையில் நர்ஸ். ஊசி போடுகிற குரலில் பேசினால் மெராப் எதற்கும் சத்தியம் செய்துவிடுவான். செய்தான். திங்கட்கிழமையிலிருந்து ஒளிந்து ஒளிந்து மகளுக்குப் பின்னாலேயே போனான். அவள் பள்ளிக்குள் நுழைந்த பிறகுதான் அவனுக்கு மூச்சே சீராகும்.

கோட்டு போன மறுநாள் குளிர் தாங்கவில்லை. நாத்தியாவின் பழைய பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டான். கோட்டின் கைகள் முழங்கையைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றுவிட்டன. நாயோடு வருகிறவர்கள் அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று கம்பளிக் குல்லாயைப் புருவம் வரை இழுத்துவிட்டான். வேலியோரமாகப் பதுங்கிப் போனான். தேக்லா நின்றால் அவனும் மரத்துக்குப் பின்னால் நின்றான். இதைவிடக் கவனமாக யாரும் போக முடியாது என்று அவனுக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் பெற்றோர் குழுவில் பெர்ட்ராம் அம்மாளின் செய்தி வந்தது. 'எச்சரிக்கை! சந்தேகப்படும்படியான ஓர் ஆள் காலையில் குழந்தைகளின் பின்னால் போகிறான்.'

மெராப் ஃபோனோடு சமையலறைக்கு ஓடினான்.

"பார்த்தியா! நான் சொன்னேன்ல? இதுக்குத்தானே நான் தினமும்..."

"தினமும்?" என்றாள் நாத்தியா.

"தினமும் கவலைப்படுறேன்!"

கையில் வெங்காயத்தோடு நாத்தியா அடுத்த செய்தியை உரக்கப் படித்தாள். "உயரமான ஆளாம். மீசை வெச்சிருக்கானாம். போட்டிருக்கிறது பொம்பளைங்க கோட்டாம், பழுப்பு நிறம். பொம்பளைங்க கோட்டு! எவ்வளவு தந்திரம் பாரு!"

மெராப் மெல்ல எழுந்து போனான். சற்று நேரத்தில் குளியலறையில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"இந்த நேரத்துல என்ன துவைக்கிற?"

"சாக்ஸ்!"

அவன் ஈரக் கையோடு திரும்பி வந்தபோது நாத்தியா சொன்னாள். "நாளையிலேர்ந்து நீ தேக்லாவோட கூடவே போ. சத்தியம் எல்லாம் வாபஸ்."

மெராபுக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. ஆடுவதற்குள் மறுபடியும் ஃபோன் ஒலித்தது. வீஸ்னர் டீச்சரின் முடிவு வந்திருந்தது. பிள்ளைகளின் தன்னம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது. அவர்கள் எப்போதும்போல் தனியாகவே வரட்டும். வழிநெடுக மஞ்சள் அங்கி போட்டுப் பெற்றோர் காவல் நிற்கலாம்.

"உன் பேரைக் கொடுத்துட்டேன்" என்றாள் நாத்தியா. "துணிப்பெட்டிகிட்ட நிக்கணும். அவன் அங்கதான் ஒளியறானாம்."

தன்னைப் பிடிப்பதற்குத் தானே காவல். அன்றிரவு மெராப் தூங்கவில்லை. பிடிபட்டால் என்ன ஆகும்? போலீஸ் வரும். விசா போகும். அதையெல்லாம்விடப் பெரிதாக, நாத்தியா ஒன்றுமே பேசாமல் அவனைப் பார்ப்பாள்.

மஞ்சள் அங்கியைக் கீழ்வீட்டில் குடியிருக்கும் ட்ரையர் என்பவர் கொடுத்தார். ஓய்வுபெற்ற பெரியவர். இவர்கள் குடிவந்த அன்று பிளம்ஸ் கேக்கோடு படியேறி வந்த ஒரே மனிதர். மாற்றுச் சாவியைக்கூட நாத்தியா அவரிடம்தான் கொடுத்து வைத்திருந்தாள்.

முதல் காவல் நாள். பனி மூட்டத்தில் மெராப் துணிப்பெட்டி பக்கத்தில் விறைத்து நின்றான். தேக்லா வந்தாள்.

"போயிட்டு வர்றேன் அப்பா."

"பார்த்துப் போ கண்ணு. ட்ராம் வருதான்னு ரெண்டு பக்கமும் பாரு."

"ம்."

அவள் திருப்பத்தில் மறைந்தாள். அடுத்த காவல் ட்ராம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் யாரும் இல்லை. அங்கேதான் தண்டவாளம் இருக்கிறது! மெராப் கொஞ்ச நேரம் பொறுத்தான். பிறகு மஞ்சள் அங்கியைக் கழற்றி ஸ்வெட்டருக்குள் திணித்துக்கொண்டு வேலியோரம் குனிந்து ஓடினான்.

பின்னால் விசில் பறந்தது.

"அதோ! அதோ போறான்! பிடிங்க!" பெர்ட்ராம் அம்மாளின் குரல். நாயும் சேர்ந்துகொண்டது.

மெராப் ஓடிக்கொண்டே அங்கியை வெளியே இழுத்தான். ஒரு கை மாட்டியது. இன்னொரு கை தலை நுழையும் ஓட்டைக்குள் போனது. தெருமுனையைத் திரும்புவதற்குள் எப்படியோ மாட்டிவிட்டான். நாலைந்து மஞ்சள் அங்கிகள் மூச்சிரைக்க வந்து அவனைச் சூழ்ந்தன.

"எந்தப் பக்கம் போனான், மெராப்?"

"அந்தப் பக்கம்!"

எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். மெராபும் ஓடினான். நிற்க முடியுமா? வேறு யாரையும்விட அவன்தான் வேகமாக ஓடினான் என்று பிறகு எல்லோரும் பாராட்டினார்கள்.

போலீஸ் வந்தது. மெல்லிய குரலில் பேசும் இளம் பெண் அதிகாரி.

"இவர்தான் ரொம்பக் கிட்டத்துல பார்த்தவர்" என்று பெர்ட்ராம் அம்மாள் மெராபை முன்னால் தள்ளினாள்.

"ஆள் எப்படி இருந்தார்?"

தன்னைப் போல் இருந்தான் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அப்போது அவன் மனதில் இருந்த ஒரே எண்ணம் அதுதான்.

"குள்ளம்."

"நான் உயரம்னு பார்த்தேனே?" என்றாள் பெர்ட்ராம் அம்மாள்.

"தூரத்துல அப்படித் தெரியும். தொப்பை வேற."

"மீசை?"

"கிடையாது. மழுமழுன்னு இருந்தான். வயசானவன். பச்சை ஜாக்கெட்."

"அப்போ பழுப்புக் கோட்டு போட்டவன்?"

மெராப் விழித்தான். அதிகாரியின் முகம் இறுகியது.

"அப்படின்னா ரெண்டு பேர்" என்றார் அவர் மெதுவாக.

அன்று சாயங்காலத்துக்குள் அந்த வட்டாரம் முழுக்க 'ரெண்டு பேர்' பரவிவிட்டார்கள். காவல் இரட்டிப்பானது. தன் வாயால் இன்னொருவனைப் பெற்றெடுத்துவிட்டோமே என்று மெராப் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் ஒரு நிம்மதியும் இருந்தது. அப்படி ஒரு ஆள் உலகத்திலேயே இல்லை. இல்லாதவனை யாரால் பிடிக்க முடியும்?

மறுநாள் காலை மெராப் காவலில் நின்றபோதே ஃபோன் வந்தது. பெர்ட்ராம் அம்மாள் குரலில் வெற்றி வழிந்தது.

"பிடிச்சாச்சு! நீங்க சொன்ன ஆள்தான், அச்சு அசல்! ஸ்கூலுக்கு வாங்க, அடையாளம் காட்டணும்."

மெராப் போய்ச் சேர்ந்தபோது முதல் வகுப்பு அறையில், குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால்கள் மோவாயைத் தொட ட்ரையர் உட்கார்ந்திருந்தார். குள்ளம். தொப்பை. மழுமழு முகம். பச்சை ஜாக்கெட். தன்னிடம் இல்லாததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய், மெராப் அவரைத் தலையிலிருந்து கால் வரை வரைந்து கொடுத்திருந்தான்.

வீஸ்னர் டீச்சர் வெளிறிப்போய் நின்றார். மருத்துவமனைச் சீருடையோடு ஓடி வந்திருந்த நாத்தியா ட்ரையரைக் கண்டதும் வாயில் கை வைத்தாள். "இவரா! நம்ம வீட்டுச் சாவியே இவர்கிட்டதானே இருக்கு!"

"ட்ராம் நிறுத்தத்துக்குப் பக்கத்துல, புதருக்குள்ள உட்கார்ந்திருந்தார்" என்றார் அதிகாரி. "ஏன்னு கேட்டா பேச மாட்டேங்கிறார்."

"ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார் ட்ரையர். "அதைச் சொல்ல முடியாது. என்னை என்ன வேணாலும் பண்ணிக்குங்க."

"மெராப், தைரியமாச் சொல்லுங்க. இவர்தானே?" என்றாள் பெர்ட்ராம் அம்மாள்.

ட்ரையர் மெராபை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் மெராபால் தாங்க முடியாமல் போயிற்று. கேக் தட்டோடு படியேறி வந்த முகம்.

"இவர் இல்லை. அப்படி யாருமே இல்லை. நான்தான்."

"எது நீங்க?"

"எல்லாமே நான்தான். உயரம், மீசை, பழுப்புக் கோட்டு. என் பொண்ணு தனியாப் போறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியல. அதனால பின்னாடியே போனேன். நேத்து ஓடினதும் நான்தான், துரத்தினதும் நான்தான். குள்ளம், தொப்பை எல்லாம் பயத்துல உளறினது."

அதிகாரி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"அப்போ அந்தத் துணிப்பெட்டி..." என்று ஆரம்பித்தாள் பெர்ட்ராம் அம்மாள்.

"அது நல்ல கோட்டுதாங்க."

"புதுக் கோட்டா?" என்றாள் நாத்தியா. "அது தொலைஞ்சு போச்சுன்னு சொன்னே! என் பழுப்புக் கோட்டு? அது பொம்மைக்குப் போடற அளவுக்குச் சுருங்கினது ஏன்னு இப்பத்தானே தெரியுது! சத்தியம் பண்ணினியே மெராப்!"

வீஸ்னர் டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மெராபின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு குட்டி நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டார். அவனும் உட்கார்ந்தான்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ட்ரையர் பக்கம் திரும்பினார்.

"சரி, இவர் சொன்ன ஆள் கற்பனை. ஆனா புதருக்குள்ள நீங்க உட்கார்ந்திருந்தது கற்பனை இல்லையே? குழந்தைங்க பின்னாடி நீங்க எதுக்குப் போனீங்க?"

ட்ரையர் மெராபைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"இவரே வாயைத் திறந்துட்டார், இனிமே நான் மறைச்சு என்ன ஆகப்போகுது? குழந்தைங்க பின்னாடி நான் போகலைங்க, இவர் பின்னாடிதான் போனேன். முதல் நாளே தேக்லா வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா: 'தாத்தா, நான் தனியாப் போயிடுவேன், எங்கப்பாதான் ரோட்டைப் பார்க்காம என்னையே பார்த்துக்கிட்டு வர்றார். அவர் ட்ராமைத் தாண்டற வரைக்கும் கொஞ்சம் பார்த்துக்குங்க, அவருக்குத் தெரிய வேணாம், தெரிஞ்சா தன்னம்பிக்கை போயிடும்'னு."