படத்துக்காகக் காத்திருந்த தலை

தலையாட்டிகள் என்றோர் இனம் உண்டு, வாசகரே. கொழும்பு வெள்ளவத்தையில் மாடிக்கு ஒருவராவது குடியிருக்கிறார். லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்று கேட்பதற்காகக் கூட்டிய கூட்டத்தில் செயலாளர் சொல்லும் சாட்டுப்போக்குக்கும் தலையாட்டுவார், அதை மறுத்துப் பேசுபவருக்கும் ஆட்டுவார், சீனி போடாத தேநீரை 'அருமை' என்று குடித்து முடித்து இன்னொரு கோப்பைக்கும் சம்மதிப்பார். வில்லங்கம் இல்லாத பிறவி. அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

மூன்றாம் மாடி நாகேந்திரத்தார், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, இந்த இனத்தின் திலகம். கீழ் வீட்டு ஹம்சிகா ஒருநாள், கண்முன்னே இல்லாத அறையை இருப்பதுபோலக் காட்டும் வீ.ஆர். கண்ணாடியொன்றைக் கொண்டுவந்து அவர் தலையில் மாட்டினாள். பாரிசவாதம் வந்தவர்கள் மறுபடி நடந்து பழகுவதற்காக அவளுடைய கம்பனி செய்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறது.

"அங்கிள், தலையை அங்கயும் இங்கயும் திருப்புங்கோ. படம் பிந்தி வந்தாச் சொல்லுங்கோ. பிந்தினா நோயாளியளுக்குத் தலை சுத்தும், விழுந்திடுவினம்."

திருப்பினார். கண்ணாடிக்குள் இருந்த அறை அவர் பின்னால் இழுபட்டு வந்தது. சுவர் மிதந்தது. சொன்னாரா? பிள்ளை பாடுபட்டுச் செய்ததைக் குறை சொல்வதாவது! மேலாளர் பேசி முடிக்கும்வரை முப்பது வருடம் காத்திருந்தவர், ஒரு படம் வந்து சேரும்வரை காத்திருக்கமாட்டாரா? தலையை மெல்ல, மிக மெல்லத் திருப்பினார். அப்படித் திருப்பினால் பிந்துவது அவ்வளவாகத் தெரியாது.

"எப்பிடி அங்கிள்?"

"அருமை, பிள்ளை."

அவர் மனைவி ஜெகதீஸ்வரி, "எனக்கும் ஒருக்காத் தா பிள்ளை" என்று வாங்கி மாட்டி, வாகனங்கள் நெரியும் காலி வீதியைக் கடக்கிறவர்போலச் சடாரென்று இரு பக்கமும் திரும்பினார்.

"இதென்ன, நான் திரும்பினாப் பிறகுதானே வீடு வருது. எனக்குத் தலை சுத்திச் சத்தி வரப் பாக்குது."

ஹம்சிகாவின் முகம் கறுத்தது. "அங்கிள், உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"ஓம் ஓம், பிந்தினதுதான்."

"பிறகேன் சொல்லேல்லை? இந்த பில்டிங்கில போட்டுப் பாத்த எல்லாரும் நல்லாயிருக்கு எண்டுதான் சொன்னவை. அதை நம்பி நான் ஓகே எண்டு கம்பனிக்கு அறிவிச்சுப்போட்டன். இனி நான் ஆரை நம்பிறது?"

அதற்கும் அவர் அனுதாபத்தோடு தலையாட்டினார்.

கோபம் வருகிறதா? எனக்கும் வருகிறது. ஆஸ்பத்திரியில் அதை மாட்டி விழக்கூடியவர் நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம். 'சரியாகச் சொன்னாய், இப்படி ஒருவரை எனக்கும் தெரியும்' என்கிறீர்கள். நல்லது. நான் எழுதியதில் ஒரு குறையும் உங்களுக்குப் படவில்லையா? படவில்லை என்றுதான் சொல்வீர்கள். தலை ஆடுகிறதே, பார்த்தீர்களா?