பின்னங்காலில் நிற்கும் மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வடமேற்குப் பாலைவன முகாமிலிருந்து உங்கள் மாப்பிள்ளை ரென் யுஹாவ் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் முழங்காலும் அத்தையின் இரத்த அழுத்தமும் டோஃபு கடையின் அரவை இயந்திரமும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் கைப்பேசியைக் கையில் தருகிறார்களே, கூப்பிட்டுச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள் மாமா. போன தடவை நான் லான்ஷினிடம் சாப்பிட்டியா என்று கேட்டதற்கு, டோஃபு வாங்க வரிசையில் நின்ற நாலு பேர் சாப்பிட்டாச்சு என்றார்கள். கட்டின பெண்டாட்டியிடம் அதற்குமேல் என்ன பேசுவது? அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வசந்தப் புத்தாண்டுக்கும் என்னால் ஊருக்கு வர முடியாது. குற்றம் அரசாங்கத்துடையது அல்ல, என் அக்குளுடையது. விளக்கமாகச் சொன்னால்தான் உங்களுக்குக் கோபம் வராது. எட்டு வருஷமாக நான் சுட்டுக்கொண்டிருந்த பழைய துப்பாக்கியில் தோட்டாப்பெட்டி கைப்பிடிக்குப் பின்னால், ஏறக்குறைய அக்குளுக்குக் கீழே இருக்கும். கட்டையும் குட்டையுமாக, குழந்தையை அணைப்பதுபோல மார்போடு சேர்த்துக்கொண்டு சுடுவோம். இலையுதிர் காலத்தில் புதுத் துப்பாக்கி வந்தது. அதில் தோட்டாப்பெட்டி முன்னால் போய்விட்டது. நிற்கும் விதமும் மாறிவிட்டது. இலக்குக்கு நேராக மார்பைக் காட்டி நிற்க வேண்டும், ஒரு காலை முன்னால் வைத்துப் பாரத்தை அதில் போட வேண்டும், முழங்கால் கொஞ்சம் தளர வேண்டும், இடது கையை நன்றாக நீட்டித் துப்பாக்கியின் முன்பக்கத்தைப் பிடிக்க வேண்டும், கன்னம் தோளில் பதியும் துப்பாக்கிக் கட்டையை விட்டு நகரக்கூடாது. அடுத்தடுத்துச் சுடும்போது அது உதைக்கும். அந்த உதையோடு மல்லுக்கு நிற்கக்கூடாதாம். வாங்கிக்கொண்டு, பழைய இடத்துக்கே திரும்ப வேண்டுமாம். இதில் தேறியவர்களுக்குத்தான் எங்கள் பிரிவில் முதல் விடுப்பு.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவன் பான் குவெய் என்ற சிச்சுவான்காரன். என்னைவிடச் சின்னவன், வாய் மட்டும் மிளகாய். முதல் நாளே என்னை நிற்க வைத்து, தோளில் ஒரு விரலால் தள்ளினான். நான் பின்னால் போய் விழுந்தேன். மறுபடி நின்றேன், மறுபடி தள்ளினான். சுடும்போதும் இதே கதை. முதல் குண்டு இலக்கில், இரண்டாவது அதன் தலைக்கு மேலே, மூன்றாவது எங்கே போனது என்று அதைச் செய்த தொழிற்சாலைக்கே தெரியாது.

"பாரம் பூரா பின்னங்கால்லயே இருக்கே ரென் அண்ணே. சுடப் போறீங்களா, ஸ்டேஷனுக்குப் போறீங்களா?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மாமா, எங்கள் சுடுகளம் மேற்கைப் பார்த்து இருக்கிறது. ஊர் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நான் என்ன செய்ய? சாப்பாட்டு வரிசையில் முன்னால் சாய்ந்து நின்று பழகினேன். சமையல்காரர் சூப் அண்டாவோடு திரும்ப, நான் அவர்மேல் சாய, முட்டைக்கோஸ் முழுவதும் பிரிவு அதிகாரியின் புது பூட்ஸில். ஒரு வாரம் வெங்காயம் உரித்தேன். கண்ணீருக்குக் காரணம் வெங்காயம்தான் என்று எல்லாரும் நம்பினார்கள், அதுவரை நல்லது.

கடைசியில் பான் குவெய்க்கே அலுத்துவிட்டது. பக்கத்தில் வந்து, "அண்ணே, உங்க வீட்டுக்காரி ரயிலை விட்டு இறங்கி வர்றாங்கன்னு வெச்சுக்குங்க. பின்னால சாஞ்சா நிப்பீங்க?" என்றான்.

மாமா, பெரியவரிடம் எழுதத் தகாதது, மன்னிக்கவும். நான் அப்படியே நினைத்துக்கொண்டேன். கால் தானாக முன்னே போயிற்று, கை தானாக நீண்டது. எல்லாக் குண்டும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. பான் குவெய் போய் இலக்கைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். ஒரே ஒரு குறைதான் சொன்னான். "சிரிக்காதீங்க அண்ணே, கன்னம் கட்டையை விட்டு நகருது."

அப்புறம் ஏன் தேறவில்லை என்பீர்கள். தேர்வு நாளில் முதல் பெட்டி அமோகமாகப் போயிற்று. என் மனசுக்குள் லான்ஷின் அந்த நீலக் கம்பளிச் சட்டையோடு ரயில் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பெட்டி காலி. அடுத்ததை மாட்ட வேண்டும். என் கைக்கோ எட்டு வருஷப் பழக்கம், நேராக அக்குளுக்குப் போய்விட்டது. அங்கே ஒன்றும் இல்லை. மேலே தடவினேன், கீழே தடவினேன், காலிப் பெட்டி முன்னால் சாவகாசமாகத் தொங்கிக்கொண்டிருக்க, நான் நடுக்களத்தில் அக்குளைச் சொறிந்துகொண்டே நின்றேன். நேரம் முடிந்துவிட்டது. மருத்துவப் பிரிவிலிருந்து அரிப்புக்கு ஒரு களிம்பு கொடுத்தனுப்பினார்கள். வாங்கி வைத்திருக்கிறேன், உங்கள் முழங்காலுக்கு ஆகுமா என்று எழுதுங்கள்.

என் இடத்தில் வேறொருவன் ஊருக்குப் போகிறான். போகட்டும். இங்கே மற்றவர்களின் மனைவிமார் புத்தாண்டுக்குக் குடும்பக் குடியிருப்பில் வந்து தங்குகிறார்கள். லான்ஷினும் வரலாமா என்று கேட்டதற்கு, புத்தாண்டு வியாபாரத்தில் அவளை விட முடியாது என்று நீங்கள் சொன்னதாக எழுதியிருந்தாள். மிகவும் நியாயம். டோஃபு அழுத்துவதில் அவள் கைப்பக்குவம் வேறு யாருக்கு வரும்? ரயிலில் இரண்டு நாள் அலைச்சல், இங்கே மூக்கு உறையும் குளிர், அறைக் குழாயில் தண்ணீரும் சரியாக வராது. தயவுசெய்து அனுப்ப வேண்டாம். நான் இங்கே மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். மற்றவர்கள் ஜோடியாக உட்கார்ந்து கொழுக்கட்டை பிடிப்பதைப் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை.

உங்களுக்கும் அத்தைக்கும் நீண்ட ஆயுளும், கடைக்கு நல்ல வியாபாரமும் வாய்க்க இங்கிருந்தே தலை தாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பணிவுள்ள மாப்பிள்ளை
ரென் யுஹாவ்

பின்குறிப்பு: கடைசிப் பத்தியை அடித்துவிடுங்கள் மாமா, அத்தனையும் பொய். அறைக்குச் சொல்லி வைத்துவிட்டேன், குழாயை நானே சரிபண்ணிட்டேன். போன புத்தாண்டுக்கும் அவள் முகத்தை நான் பார்க்கலை. நாலு கூடை டோஃபு குறைஞ்சா ஊர் பட்டினி கிடக்காது. என்னால முடியலை மாமா. அவளை அனுப்பி வைங்க.