விசிறி இல்லாத கம்ப்யூட்டர்

இனி ஒரு சாவையும் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் பதிவு செய்வதில்லை என்று நான் சபதம் எடுத்தது, செல்லசாமி அண்ணன் இறந்த மறுநாள்.

நான் எலியா. கேரள எல்லையில் இருக்கிற எங்கள் காரோட்டில் யார் இறந்துபோனாலும் ஊருக்குச் சொல்வது என் குரல்தான். கோயில் கொடை, சபைக் கன்வென்ஷன், காணாமல் போன ஆடு, எல்லாவற்றுக்கும் அறிவிப்பு செய்வேன். ஆனால் கொடை வருஷத்துக்கு ஒருமுறை. ஆடு எப்போதாவது. சாவு ஒன்றுதான் கைவிடாத தொழில். வீட்டில் மைக் வைத்துப் பதிந்து பென் டிரைவில் கொடுப்பேன். ஜிஜோ அதைத் தன் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் போட்டுக்கொண்டு போவான்.

செல்லசாமி அண்ணனுக்கும் அப்படித்தான் போட்டோம். மறுநாள் அவர் மகள் விலாசினி போன் செய்தாள்.

"எலியாண்ணே, நீங்க பேசும்போ பின்னால கர்ர்ருன்னு ஒரு சத்தம் கேக்குதே. அது என்னது?"

"கம்ப்யூட்டருக்க ஃபேனாக்கும், மக்கா."

"அப்பா ஐசியூல கடைசியா மூச்சு வலிச்சது இதே மாதிரிதான். ஆட்டோ வரும்போ எல்லாம் அம்மை மயங்கி விழுந்தா."

செத்தவரைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் மறுபடி மறுபடி சாகடித்திருக்கிறேன்.

சத்தமில்லாத கம்ப்யூட்டர் வேண்டும். கையில் தூக்குகிற மாதிரியும் வேண்டும். எங்கள் வீட்டில் அமைதியான இடம், பாயும் தலையணையும் அடுக்கிய குச்சு அறை ஒன்றுதான். பழைய பெட்டியை அதற்குள் வைத்தால் நான் வெளியே நிற்க வேண்டும்.

ஆனால் பணம் என் மனைவி சுகிர்தபாயிடம். என் தொழிலுக்கு என்று கேட்டால் பெயராது. ஆகவே தந்திரம் செய்தேன்.

"சுகிர்தா, உனக்கொரு லேப்டாப் வாங்கலாம்னு நினைக்கேன்."

"எனக்கா?"

"உனக்காக்கும். பெங்களூர்ல இருக்க நம்ம மக சோனாகிட்ட முகம் பார்த்துப் பேசலாம். நல்ல பெரிசா தெரிவா."

"ஒங்களுக்கு வேண்டாமா?"

"எனக்கெதுக்கு? எப்பவாவது இரவல் தந்தா போரும்."

அவள் உடனே பீரோவைத் திறந்து பணத்தை எடுத்தாள். "சரி. சட்டையப் போடுங்க, போவம்."

அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பக்கத்து டவுனான நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் கடைக்காரர் அனூப் கறுப்பாக ஒன்றை எடுத்து வைத்தார். எழுத்துகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எனக்கு மனசு அதில் விழுந்துவிட்டது.

"இதுல குரல் பதியலாமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"ஒரு ஸ்டுடியோவே இதுக்குள்ள உண்டு, சேட்டா."

சுகிர்தா இளநீர் வாங்குகிறவள் மாதிரி அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள். பிறகு காதை வைத்தாள். "இதுக்கு நல்ல கனமா ஒரு வேலை கொடுங்க."

அனூப் என்னென்னவோ திறந்தார். பாறசாலை ஸ்டேஷனில் நிற்காத ரயில் ஒன்று உள்ளே கிளம்பியது.

"வேண்டாம்," என்றாள். "வேலை சொன்னா இரைக்குது. இதுபோல ஒண்ணு வீட்டுல உண்டு."

அனூப் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஃபேனே இல்லாதது உண்டா?"

"உண்டு சேச்சி. சின்னது. பெரிய வேலை கொடுத்தா சூடாகி மெதுவாகும். ஆனா குரல் பதிய இது மதி."

மலையாளத்தில் மதி என்றால் போதும். தமிழில் மதி என்றால் புத்தி. எனக்கு அன்று மதி மதியாகவில்லை.

வாங்கி வந்த வாரமே சரோஜம் டீச்சர் இறந்தார். குச்சு அறையில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்து பதிந்தேன். கம்ப்யூட்டர் மூச்சே விடவில்லை. விட்டதெல்லாம் நான்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நெஞ்சு கீச்சிட்டது. மூக்கு விசிலடித்தது. பல்செட் தாளம் போட்டது. இத்தனை காலம் இதையெல்லாம் அந்த விசிறி மூடி வைத்திருக்கிறது. விலாசினி கேட்ட மூச்சில் பாதி என்னுடையதோ என்னவோ.

ஜிஜோ கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, செத்தது டீச்சரா, நீங்களா?"

நான் தலையணையில் சாய்ந்துவிட்டேன். ஊரில் எனக்கென்று இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

சுகிர்தா உள்ளே வந்தாள். "எழும்புங்க. இது எனக்க லேப்டாப் இல்லியா?"

கதவைச் சாத்திக்கொண்டு அவளே பேசினாள். "நம்ம சரோஜம் டீச்சர் போயிட்டாங்க. நம்ம பிள்ளையளுக்குக் கை பிடிச்சு எழுத்து சொல்லித் தந்த டீச்சர். நாளைக்குக் காலத்த பத்து மணிக்கு எடுக்காங்க. எல்லாரும் வாருங்க." அவ்வளவுதான்.

ஆட்டோ போனபோது சாயாக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். என் அறிவிப்புக்குப் பத்திரிகையின் பக்கம்தான் திருப்புவார்கள்.

அதற்குப் பிறகு எந்த வீட்டில் சாவென்றாலும் போனில் ஒரே கேள்வி. "சேச்சி உண்டா?" நான் போனை அவளிடம் கொடுப்பேன். அவள் பேசும்போது முற்றத்தில் காக்கையை விரட்டுவேன். பேசி முடித்ததும் பென் டிரைவில் ஏற்றுவேன்.

ஒரு மத்தியானம் அப்படி ஏற்றும்போது, லேப்டாப்பில் செத்தவர்களின் பெயர்களுக்கு நடுவே என் பெயரிலேயே ஒரு பதிவு கிடந்தது. அவளைக் கூப்பிட்டேன்.

"சுகிர்தா, இது என்னது?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "ஒங்களுக்கு உள்ளதாக்கும். நீங்க போற அன்னைக்கு எனக்குத் தொண்டை அடைச்சிரும், ஒரு வார்த்தை வராது. அதான் முன்னமே பேசி வச்சேன். நாளும் நேரமும் மட்டும் விட்டிருக்கேன்."

என் கண் நிறைந்துவிட்டது. போட்டுக் கேட்டேன்.

"காரோடு அறிவிப்பாளர் சுகிர்தபாயின் கணவர் எலியா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்..." என் பெயர் வந்த இடத்தில் அவள் குரல் ஒரு கணம் உடைந்து, பிறகு சேர்ந்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றேன். "எனக்க தொழில மட்டும் சொல்லாம விட்டுட்டியே?"

"சொல்லியிருக்கேனே," என்றாள். "கணவர்."