மகராசியும் மொட்டைச் சட்டியும்

கடித்த நாயையே வாழ்த்துகிற பிறவி உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது எங்கள் தெருவில்தான் இருக்கிறது. அபிராமம் பக்கம் வந்து மகராசி வீடு எது என்று கேளுங்கள், யாரும் காட்டுவார்கள். அவள் சொந்தப் பெயரைக் கேட்டால் எவனுக்கும் தெரியாது.

நாய் கடித்த அன்று என் ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஊசி போட்ட நர்சை மகராசியா இரு என்று வாழ்த்தினாள். சரி, அது நியாயம். திரும்பி வரும்போது அதே நாய் ஊர் மந்தையில் படுத்திருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, அதையும் வாழ்த்தினாள்.

"யக்கா, உனக்குக் கிறுக்கா?"

"வாய் நிறையப் பல்லு வச்சிருக்கு. ரெண்டை மட்டுந்தானே வச்சுச்சு. மகராசனா இருக்கட்டும்."

கையைக் காட்டியும் நிற்காமல் போன பஸ்ஸுக்கும் இதே வாழ்த்துதான். கேட்டால், டிரைவர் தன்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத்தானே போனார் என்பாள். ரேஷன் கடையில் வருகிறவர்களையெல்லாம் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் நிற்பாள். இவள் முறை வரும்போது சீனி தீர்ந்திருக்கும். கடைக்காரரையும் வாழ்த்திவிட்டு வெறும் பையோடு வருவாள். ஒருமுறை களத்தில் காய்ந்த மிளகாய் வற்றல் மேல் மழை கொட்டியது. வற்றலுக்குச் சொந்தக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழ, இவள் பக்கத்தில் நின்று வானத்தை வாழ்த்தியிருக்கிறாள். அன்றைக்கு அடி விழாமல் தப்பியது அவள் செய்த புண்ணியம். எனக்கு இந்தப் பேச்செல்லாம் பற்றிக்கொண்டு வரும். இளித்தவாய்த்தனத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்திருக்கிறாள் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அதற்கும் வாழ்த்துத்தான் கிடைத்தது.

எங்கள் அம்மன் கோயில் முளைப்பாரிக்கு அவள்தான் பொறுப்பு. வீட்டுக்கு ஒரு சட்டி. அதில் எருவும் வைக்கோலும் நிரப்பி, ஊறவைத்த பயறுகளைத் தூவி, வெளிச்சம் படாத முளைவீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். திருவிழாவன்றுதான் சட்டிகள் வெளியே வரும். அதுவரை விரதம் இருந்து தண்ணீர் தெளிக்கிறவள் மட்டுமே உள்ளே போகலாம். ஆம்பளைக்கு வாசலோடு சரி. சட்டியில் முளை செழித்தால் அந்த வீடு செழிக்கும் என்பது நம்பிக்கை.

போன வருஷம் என் மனைவி எங்கள் மகன் பெயருக்குச் சட்டி வைத்தாள். அவன் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறான். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய வாரத்திலிருந்து அவனிடமிருந்து போன் இல்லை. நாங்கள் அடித்தால் மணியே போகவில்லை. கூடப் போன பையன்களின் போனும் அப்படியே. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்டோவில் ஏறியவர்களிடமெல்லாம் சண்டை போட்டேன். கடைசியில் முளைவீட்டுக் கதவைப் போய்த் தட்டினேன். சட்டியை ஒருதரம் பார்த்தால் போதும் என்றிருந்தது.

"உன் சத்தத்துல முளைச்சதும் உள்ள போயிரும். போய் வண்டியை ஓட்டு தம்பி" என்றாள் உள்ளேயிருந்து.

"என் மகன் இருக்கானா இல்லையான்னே தெரியலக்கா."

உள்ளே தண்ணீர் தெளிக்கிற சத்தம் நின்றது. "தெரியலேல்ல? தெரியிற வரைக்கும் இருக்கான்னு வச்சுக்க."

கதவை எட்டி உதைக்கலாம் போல வந்தது. சாமி வீடாயிற்றே என்று திரும்பிவிட்டேன்.

திருவிழாவன்று சட்டிகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றிலும் இளமஞ்சளாக முழ உயரத்துக்கு முளை. எங்கள் சட்டி மட்டும் மொட்டை. அழுகின வைக்கோல் நாற்றம். ஓரத்தில் நாலைந்து முளை, அவ்வளவுதான். மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகராசிக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்தவள் அவள்தான். மகன் சட்டியாச்சே என்று தினமும் மகராசி அசந்த நேரம் பார்த்து, உள்ளே கை நீட்டி இன்னொரு செம்பு ஊற்றியிருக்கிறாள். கவலையில் ஊற்றிய தண்ணீரில் பயறு அழுகிவிட்டது.

சுற்றி நின்ற பெண்கள் எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மற்றச் சட்டிகளில் ஆளுக்கு ஒரு பிடி பிடுங்கி இதில் நடச் சொல்லிக் கத்தினேன்.

"சட்டிக்குச் சவுரி வைக்கச் சொல்றியாலே?" என்றாள் மகராசி. பயந்து நின்ற பெண்களே சிரித்துவிட்டார்கள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

அவள் குனிந்து அந்த நாலைந்து முளையை விரலால் தொட்டாள்.

"அம்புட்டுத் தண்ணிக்குள்ளயும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மேல வந்திருக்கு பாரு. மகராசனா இருப்பான்."

என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். மகராசி தன் தலைப்பூவை எடுத்துச் சட்டியின் கழுத்தில் சுற்றினாள். நடுவில் எங்கள் சட்டியை வைத்து, அதைச் சுற்றித்தான் முதல் கும்மி கொட்டினார்கள். ஊருணி வரைக்கும் அந்த மொட்டைச் சட்டியை என் மனைவி தலை குனியாமல் சுமந்தாள்.

முளையைக் கரைத்த மறுநாள் மகன் போன் அடித்தான். படகு பழுதாகி ஏதோ தீவில் ஒதுங்கிவிட்டார்களாம். சிக்னல் கிடையாதாம். அவனை மூச்சு விடாமல் திட்டித் தீர்த்துவிட்டு மகராசி வீட்டுக்கு ஓடினேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அம்மன், அருள் என்று எதையாவது சொல்வாள் என்று நின்றேன்.

"சாப்பிட்டானான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. மறுபடி போன் போட்டுக் கேட்டேன்.

இந்த வருஷம் மகராசி மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இதயத்தில் அடைப்பு. டாக்டர் ஒன்றும் தெளிவாகச் சொல்லமாட்டேன் என்கிறார். போய்ப் பார்த்தபோது மூச்சு வாங்க வாங்க அவரையும் வாழ்த்திக்கொண்டிருந்தாள்.

முளைவீடு இப்போது என் மனைவி பொறுப்பு. எங்கள் சட்டிக்குப் பக்கத்தில் மகராசி பெயருக்கும் ஒரு சட்டி வைத்திருக்கிறோம். சவாரி முடிந்ததும் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். சாவி மனைவியின் இடுப்பில்தான் இருக்கிறது. முளைத்துவிட்டதா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.