காந்தமும் காதுகுத்தும்

“ஒங்க செட்டு பாதியில நின்னு நின்னு போயிருமாமே, அண்ணாச்சி?”

பந்தல்குடிக்காரர் இப்படிக் கேட்டதும் சீனிச்சாமிக்குச் சுருக்கென்றது. வந்தவர் பெயர் பூமிநாதன். தலையில் ஈரத்துண்டை இறுக்கி உருமா கட்டிக்கொண்டு, திருச்சுழியில் இருந்த ஆவுடைத்தாய் சவுண்ட் சர்வீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகளுக்குக் காதுகுத்து. மைக் செட்டு பேச வந்த மனுசன், எடுத்த எடுப்பிலேயே புண்ணில் விரலை விட்டார்.

“யாரு சொன்னா?”

“எல்லாருந்தேன் சொல்றாக. அரை மணி பாடுனா கால் மணி நிக்குமாம்ல?”

“அது அப்ப. இனிமே நிக்காது.”

“நிக்கவே நிக்காதா?” பூமிநாதனின் முகம் தொங்கிப்போனது.

நம்பிக்கை வரவில்லை என்று சீனிச்சாமி எடுத்துக்கொண்டார். “விடியக்காலம் ஆரம்பிச்சா, நீங்க கடைசிப் பந்தி இலை எடுக்கிற வரைக்கும் ஒரு நிமிசம் நிக்காது. நின்னா என் பேரு சீனிச்சாமி இல்ல.”

“சத்தியமெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? செட்டுன்னு இருந்தா நிக்கத்தான செய்யும். நின்னா நான் ஒண்ணும் கோவிச்சுக்கிற மாட்டேன்.”

குத்திக்காட்டுவதில் இது ஒரு தினுசு என்று சீனிச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டார். பக்கத்தில் பூமிநாதனின் மச்சினன் ராஜகுரு நின்றிருந்தான். காது குத்தப் போகும் பிள்ளைக்குத் தாய்மாமன் அவன்தான், சீர் செய்கிறவனும் அவன்தான். “எட்டுக் கொழா கட்டணும். எங்கக்கா வீடு அதிரணும். அதிரலேன்னா எனக்கு மரியாதை இல்ல” என்றான். பூமிநாதன் மச்சினனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உருமாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு பஸ் ஏறப் போனார்.

நிஜத்தைச் சொன்னால், செட்டின் மேல் ஒரு குற்றமும் கிடையாது. நின்று நின்று போனது சீனிச்சாமிதான்.

பதினாலு வருசமாக அவருக்குத் தலைவலி. பிடரியில் பிடித்து உச்சி வரைக்கும் ஆணி அறைகிற மாதிரி ஏறும். குழாய்ச் சத்தத்தால் வந்த வினை என்று ஊர் சொன்னது. அதனால் இல்லை என்று டாக்டர் சொன்னார். எதனால் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. தைலம், சுக்குப்பத்து, மந்திரிப்பு, மதுரை மாத்திரை என்று எல்லாம் பார்த்து முடித்தபின், போன வருசம் மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அந்த மிஷினை வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த புதுச் சாமான். நாலைந்து பேருக்குச் சும்மா வைத்துப் பார்த்தார்கள், அதில் இவரும் ஒருவர். வலது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர் கழுத்து வழியாகத் தோலுக்குள்ளேயே பிடரிக்குப் போய் நரம்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. மிஷின் ஓடினால் பிடரியில் சுருசுருவென்று எறும்பு ஊரும். எறும்பு ஊர ஊர வலி இறங்கிப் போகும். முதல் நாள் வலி இறங்கியபோது சீனிச்சாமி கட்டிலில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதார். பெண்டாட்டி ஆவுடைத்தாயும் சேர்ந்து அழுதாள். நர்சம்மா பயந்துபோய் டாக்டரைக் கூட்டி வந்துவிட்டாள்.

எல்லாம் சரி. மிஷினை நிறுத்தவும் ஓடவிடவும் கையில் ஒரு காந்தம் கொடுத்தார்கள். நெஞ்சில் ஒரு தரம் காட்டினால் ஓடும், மறுதரம் காட்டினால் நிற்கும். “வேற பெரிய காந்தம் எதுவும் கிட்ட வரக் கூடாது. நீங்க என்ன தொழில் பண்றீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

குழாய் ஸ்பீக்கரின் பின்னால் இருக்கிற யூனிட்டில் சின்னக் குழந்தையின் தலை பருமனுக்குக் காந்தம் இருக்கும். அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கித்தான் இருபத்திரண்டு வருசம் மரமேறியிருக்கிறார் சீனிச்சாமி. இது தெரிந்ததும் டாக்டரே தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

ஊருக்கு வந்து தொழிலில் இறங்கியதும் கூத்து ஆரம்பித்தது. குழாயைத் தூக்கினால் மிஷின் நின்றுவிடும். அரை மணியில் வலி ஏறிவிடும். வலி ஏறியபின் பாட்டுச் சத்தம் தாங்க முடியாமல் செட்டை நிறுத்திவிட்டு, காந்தத்தைத் தேடி, நெஞ்சில் காட்டி, எறும்பு ஊருகிற வரைக்கும் கண்ணை மூடிக் கிடப்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் செட்டில் ஓடிய கெட்டிமேளம் பொசுக்கென்று நின்றது. மாப்பிள்ளையும் தாலியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். மேளம் மறுபடி அடித்தால்தான் கட்டலாம் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள் போல. பொண்ணு வீட்டார் சீனிச்சாமியைப் பார்த்த பார்வை இன்னும் அவர் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் மூணு மாசமாக யாரும் செட்டு பேச வரவில்லை. காரியாபட்டி செட்டுக்காரன் பாண்டிராஜ் மட்டும் இரண்டு தரம் வந்து, “சும்மா கெடந்து துருப்பிடிக்கிறதுக்கு எனக்குக் குடுத்துருங்கண்ணே” என்று குழாய்களைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். குழாய் போய்விட்டால் அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்தில் நூல் சுற்றப் போக வேண்டியதுதான். பந்தல்குடிக் காதுகுத்திலும் செட்டு நின்றால் பாண்டிராஜுக்கே கொடுத்துவிடுவது என்று புருசனும் பெண்டாட்டியும் பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்த அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

“நீங்க கொழாப் பக்கமே வரப்புடாது. நான் கட்டுறேன்” என்றாள் ஆவுடைத்தாய்.

“மரத்துலயா?”

“பெறகு மண்ணுலயா கட்டுவாக?”

காதுகுத்தன்று விடிவதற்கு முன்னால் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறிவிட்டாள். சீனிச்சாமி பத்து கஜம் தள்ளி மேஜையில் ஆம்ப்ளிஃபையரோடு உட்கார்ந்தார்.

“எந்தப் பக்கம் பாத்துக் கட்டணும்?”

“ஜனம் இருக்கிற பக்கந்தேன்.”

அந்நேரத்துக்கு ஜனமெல்லாம் வீட்டுக்குள் இருந்தது. எட்டுக் குழாயும் பூமிநாதன் வீட்டைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டன. முதல் சாமி பாட்டுக்கே மாடத்தில் இருந்த பித்தளைச் செம்பு உருண்டு விழுந்தது. பூமிநாதன் நெற்றியில் கை வைத்தபடி வாசலுக்கு ஓடி வந்தார்.

“அண்ணாச்சி, கொழாயக் கொஞ்சம் காட்டுப் பக்கம் திருப்புனா என்ன?”

“அதெல்லாம் திருப்பக் கூடாது. அதிருது பாத்தீகளா?” என்று ராஜகுரு சந்தோசத்தில் வேட்டியை மடித்துக் கட்டினான்.

ஏழு மணிக்கு அடுத்த சிக்கல். காந்தம் தொலையக் கூடாது என்று ஆவுடைத்தாய் முதல் நாள்தான் சட்டைக்கு உள்பக்கமாக ஒரு பை தைத்து, காந்தத்தை அதில் போட்டு, பொத்தானும் வைத்திருந்தாள். பாசமாகத்தான் தைத்தாள். தைத்த இடம் சரியாக மிஷினுக்கு மேலே அமைந்துவிட்டது. சீனிச்சாமி குனிந்தால் பை தொங்கி விலகும், நிமிர்ந்தால் வந்து ஒட்டும். ஒரு தரம் நிமிர்ந்து ஒட்டினால் மிஷின் நின்றது, மறுதரம் நிமிர்ந்து ஒட்டினால் ஓடியது. எறும்பு ஊர்கிற நேரம் பார்த்துக் கேசட் மாற்றக் குனிந்தார், இனி நிமிர்ந்தால் நின்றுவிடும்.

அவர் குனிந்தே இருந்துவிட்டார். வருகிற விருந்தாளிகளெல்லாம் மைக் செட்டுக்காரர் இப்படி இடுப்பை வளைத்து மரியாதை பண்ணுகிறாரே என்று பதறிப்போய்க் கும்பிட்டார்கள். ஒரு பெரியவர் பதிலுக்குக் குனிந்து, நிமிர முடியாமல் இரண்டு பேர் தாங்கிக் கூட்டிப்போனார்கள்.

“எதுக்கு இப்பிடிக் கூழைக்கும்பிடு போடுறீக?” என்று ஆவுடைத்தாய் வந்து கேட்டாள். விசயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். “சட்டையக் கழத்திக் குடுங்க.”

நிமிர்ந்துதானே கழற்ற வேண்டும், நிமிர்ந்ததும் மிஷின் நின்றுவிட்டது. மறுபடி ஓடவிடுவதற்குள் மரத்தில் ஒரு குழாய் சரிந்து தொங்கியது. ஆவுடைத்தாய் சட்டையோடு ஓடி மேலே ஏறினாள். கூட்டத்தில் யாரும் எடுத்துவிடக் கூடாது என்று சட்டையைக் கிளையில் மாட்டினாள். மாட்டின கை எடுக்கும் முன் பைக்குள் இருந்த காந்தம் டக்கென்று குழாய் யூனிட்டில் போய்க் கவ்விக்கொண்டது. சட்டை குழாயோடு தொங்கியது. இழுத்துப் பார்த்தாள். யூனிட்டே கழன்று வருகிற மாதிரி ஆடியது, பாட்டு கரகரத்தது.

“ஏங்க, செட்ட நிறுத்தினாத்தேன் எடுக்க முடியும். நிறுத்தவா?”

சீனிச்சாமி மரத்தைப் பார்த்தார். பிடரியில் முதல் ஆணி இறங்கிக்கொண்டிருந்தது. பாண்டிராஜ் குழாயைத் தட்டிய சத்தம் காதில் கேட்டது.

“நிறுத்தாத” என்றார்.

எட்டரைக்குப் பூமிநாதன் தன் கையாலேயே இட்லித் தட்டைக் கொண்டு வந்தார். “செட்ட நிறுத்திட்டு நிம்மதியாச் சாப்பிடுங்க அண்ணாச்சி. நான் சொல்றேன்ல.”

சோதிக்கிறான் என்று சீனிச்சாமி நினைத்தார். இடது கையால் கேசட்டை மாற்றிக்கொண்டே வலது கையால் சாப்பிட்டு முடித்தார்.

பத்து மணிக்குக் கரண்டு போனது. வீட்டு மீட்டர் பெட்டிக்குக் கீழே பூமிநாதன் கையைப் பின்னால் கட்டியபடி நின்றிருந்தார். “பீஸு போச்சு போல. பரவாயில்ல, விடுங்க, இனிமே ஆள் வந்துதேன் பாக்கணும்” என்றார். பீஸ் கட்டை அவருடைய கைக்குள் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை. அவர் பேசி முடிப்பதற்குள் சீனிச்சாமி மேஜைக்கு அடியில் தயாராக வைத்திருந்த லாரி பேட்டரியில் ஒயரைச் சொருகிவிட்டார். பாட்டு ஒரு வரியைக்கூட முழுசாக விழுங்கவில்லை.

“இதுக்குத்தேன் பேட்டரி” என்றார் சீனிச்சாமி.

பூமிநாதன் உருமாவை இறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

உச்சிப்பொழுதில் வலி உச்சிக்கு வந்துவிட்டது. சீனிச்சாமிக்கு ஒரு கண்ணில் நீர் தாரை தாரையாக ஓடியது. எதிரே இருக்கிறவர்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள். அப்போது பூமிநாதன் வந்து அவர் தோளில் கை வைத்தார். அவருடைய முகமும் வெளிறித்தான் கிடந்தது. மகளுக்குக் காது குத்துகிற அப்பன், அழுகையைப் பார்த்திருப்பான் என்று சீனிச்சாமி எண்ணிக்கொண்டார்.

“தலை வலிக்குதா அண்ணாச்சி?”

“இல்லையே.”

“பொய் சொல்லாதீக. பாத்தாத் தெரியுது. வலிச்சா நிறுத்திருங்க. மனுசனுக்கு மேலயா பாட்டு? ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்.”

பதினாலு வருசத்தில் இப்படி ஒருத்தர் சொல்லி சீனிச்சாமி கேட்டதில்லை. இவ்வளவு நல்ல மனுசன் வீட்டு விசேசத்திலா செட்டை நிறுத்துவது? முடியவே முடியாது என்று, சத்தத்தை இன்னும் ஒரு திருகு கூட்டி வைத்தார்.

மூணு மணிக்குக் கடைசி இலையை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் சீனிச்சாமி செட்டை அணைத்தார். ஒன்பது மணி நேரம் கழித்துப் பந்தல்குடியில் காக்கா கத்துகிற சத்தம் கேட்டது. ஆவுடைத்தாய் மரத்திலிருந்து யூனிட்டைக் கழற்றி, சட்டையைப் பிய்த்து, காந்தத்தைக் கொண்டு வந்து அவர் நெஞ்சில் தானே காட்டினாள். சுருசுருவென்று எறும்பு ஊர ஆரம்பித்தது. அப்பாடா என்று அவள் தோளில் கொஞ்ச நேரம் சாய்ந்து கிடந்தார்.

“நிக்கலங்க” என்றாள் அவள்.

“நிக்கலத்தா.”

ராஜகுரு ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். “பந்தல்குடி பூரா அதே பேச்சு அண்ணாச்சி. தையில எங்க வீட்டு விசேசத்துக்கும் நீங்கதேன்.”

பாண்டிராஜ் முகத்தில் கரியைப் பூசியாகிவிட்டது. இனி ஒரே ஒரு வார்த்தை பூமிநாதன் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும், நாலு ஊருக்கு அதைச் சொல்லியே செட்டு பிடிக்கலாம். சீனிச்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, ஆளைத் தேடிப் போனார். வீட்டில் இல்லை. பந்தலிலும் இல்லை. கடைசியில் கொல்லைப் பக்கம் வைக்கோல் கொட்டகைக்குள் பார்த்தார். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, தலையில் ஈரத்துண்டோடு, பூமிநாதன் சுருண்டு படுத்திருந்தார். பக்கத்தில் அவர் பெண்டாட்டி சுமதி உட்கார்ந்து நெற்றிக்குச் சுக்குப்பத்து போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, அலைச்சலா? நான் சொன்னபடி ஒரு நிமிசம்கூட நிக்கல, பாத்தீகளா? அண்ணாச்சிய ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க.”

சுமதி பத்துப் போடுகிற கையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவுகளுக்கும் ஒங்களுக்கு வந்த அதே தலைவலிதேன் அண்ணாச்சி, பன்னண்டு வருசமா, எந்தம்பி செட்டு வேணும்னு ஒத்தக்கால்ல நின்னதால, நின்னு நின்னு போற செட்டு யாருகிட்ட இருக்குன்னு நாலு ஊரு விசாரிச்சுல்ல ஒங்களத் தேடி வந்தாக.”